விசாரிக்க வந்தவருக்கு ஒரு ஃப்ளெக்ஸ்

அழகுராஜாவுக்குப் பார்த்த இடங்களில் இரண்டு தட்டிப்போயிருந்தன. இரண்டும் ஒரே வார்த்தையில் தட்டிப்போனவை. முதல் இடத்தில் பெண்ணின் சித்தப்பா காப்பியை ஆற்றிக்கொண்டே, "மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார். "மார்க்கெட்டிங்" என்றான் அழகுராஜா. அவர் ஆற்றுவதை நிறுத்திவிட்டு, "பையைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போயி விக்கிறதா?" என்றார். அத்தோடு சரி. இரண்டாவது இடத்தில் இந்த மரியாதைகூட இல்லை. சாதகம் பொருந்தவில்லை என்று சொல்லியனுப்பிவிட்டார்கள். அவர்களிடம் சாதகத்தை இன்னும் கொடுக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

அவன் ஊரான மகாராஜபுரத்துப் பக்கம் பெண் எடுக்கிறவர்களையும் கொடுக்கிறவர்களையும் குறை சொல்லிப் பயனில்லை. அந்த வட்டாரத்தில் வேலை என்றால் சீருடை. வீட்டுக்கு ஒரு பட்டாளத்துக்காரர் இருப்பார், இல்லாவிட்டால் போலீஸ்காரர் இருப்பார். இரண்டும் இல்லாதவர்களுக்கு வயல் இருக்கும். அழகுராஜாவின் அப்பா மொக்கைச்சாமி, பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியப்பா மகன்கள் இருவரும் போலீஸ். அழகுராஜாவும் போலீஸ் தேர்வுக்கு ஓடிப் பார்த்தவன்தான். பாதி ஓட்டத்திலேயே மூச்சு முட்டி மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்தான். பக்கத்தில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்த ஒருத்தனிடம் பேச்சுக் கொடுத்தான். அவனைச் சிரிக்கவைத்து, அவன் வைத்திருந்த குளுக்கோஸில் பாதியை வாங்கித் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டான். தன் பிழைப்பு காலில் இல்லை, வாயில்தான் இருக்கிறது என்று அன்றைக்கே அவனுக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கக் கொஞ்ச காலம் ஆயிற்று.

முதலில் தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின் விற்றான். அந்தச் சித்தப்பா சொன்ன அதே பை, அதே வீடு வீடு. ராஜபாளையத்தில் அவன் மிதிக்காத தெரு கிடையாது, அவனைப் பார்த்துக் குரைக்காத நாய் கிடையாது. ராஜபாளையத்து நாய் என்றால் சும்மாவா? ஊர்ப் பேரையே தூக்கிக்கொண்டு அலைகிற சாதி. அப்படி ஒன்று ஒருநாள் அவன் கெண்டைக்காலைக் கவ்விவிட்டது. அந்த வீட்டுக்காரர் தெலுங்கு பேசுகிற ராஜு, பேண்டேஜ் துணி நெய்கிற கம்பெனி முதலாளி. "அய்யய்யோ, ஏமாயிந்தி, என்னாச்சு!" என்று பதறிக்கொண்டு ஓடிவந்து, காயத்தைக் கழுவி, தன் கம்பெனித் துணியாலேயே கட்டுப் போட்டார். ஊசி போடக் காரிலேயே கூட்டிப் போனார். போகிற வழியில் அழகுராஜா வாய் சும்மா இருக்கவில்லை.

"துணி அருமையா இருக்கு சார். ஆனா ஆஸ்பத்திரிக்கு மட்டுந்தான் குடுக்கீக. அருவா வெட்டு ஆஸ்பத்திரியிலயா படுது? வயக்காட்டுல படுது. சின்னச் சின்னச் சுருளா வெட்டி, ஷாம்பு பாக்கெட் மாதிரி சரமா டீக்கடையில தொங்க விட்டா என்ன?"

ராஜு காரை ஓரமாக நிறுத்திவிட்டு அவனைத் திரும்பிப் பார்த்தார். மறுவாரம் அழகுராஜா அந்தக் கம்பெனியில் சேர்ந்தான். இன்றைக்குச் சங்கரன்கோவில் தொடங்கித் தேனி வரை, எந்தப் பெட்டிக்கடையில் பார்த்தாலும் பாக்குப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் அந்தப் பேண்டேஜ் சரம் தொங்குகிறது. அழகுராஜா மார்க்கெட்டிங் மேனேஜர். கம்பெனியில் அவனைக் கேட்காமல் அட்டைப்பெட்டியின் நிறத்தைக்கூட மாற்றமாட்டார்கள். கம்பெனிக்கு வெளியே மட்டும் அவன் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போகிறவன்.

இன்னொரு பைத்தியமும் உண்டு. சனி, ஞாயிறுகளில் கபடி எங்கே நடந்தாலும் மைக் அவன் கையில்தான் இருக்கும். "புதுப்பட்டி ரைடர் உள்ள போறாரு... தொடையத் தட்டுறாரு... போனவரு திரும்பி வருவாரா, இல்ல அவுக வீட்டுக்கு நாம ஆள் அனுப்பணுமா?" என்று அவன் இழுத்தால், தோற்கிற அணிகூடச் சிரித்துக்கொண்டே தோற்கும். வத்திராயிருப்புப் பக்கம் அவன் முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். கல்யாணச் சந்தையில் இதற்கு வேறு பெயர், ராத்திரியெல்லாம் ஊர் சுற்றுகிறவன்.

இந்த நிலைமையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூர் இடம் வந்தது. பெண் முனீஸ்வரி, போலீஸ். அப்பா இல்லாத பெண். தாய்மாமன் தவசிமுத்துதான் முன்னால் நின்று எல்லாம் பார்க்கிறார். அவரும் போலீஸில் எஸ்.எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். மீசை இன்னும் ஓய்வு பெறவில்லை.

பெண் பார்க்கப் போன அன்றைக்கு முனீஸ்வரி காப்பித் தட்டோடு வந்தாள், வைத்தாள், நிலைப்படியில் போய் நின்றுகொண்டாள். அம்மா அவள் கையைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார். பெரியவர்கள் மழை பெய்யாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒரு இடைவெளி விழுந்தபோது அவள் நேராக அழகுராஜாவைப் பார்த்து, மெல்லிய குரலில் கேட்டாள்.

"பயோடேட்டாவுல மேனேஜர்னு போட்டிருந்துச்சு. எதுல மேனேஜர்?"

சுற்றி வளைக்காமல் அவள் கேட்ட விதத்திலேயே அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது. அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டான், இவள்தான். அதனால்தான் பயமும் வந்தது. முந்தின இரண்டு இடம் போனபோது அவனுக்கு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இது போனால் தாங்காது. அந்த ஒரு வார்த்தை நாக்கின் நுனி வரை வந்து அங்கேயே நின்றது. பேச்சை விற்றே பிழைக்கிறவன் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"ஓவரால்."

"ஓவரால்னா?"

"ஓவராலா... எல்லாத்தையும் பாத்துக்கிடுவேன்."

"சரி" என்றாள். மேற்கொண்டு கேட்கவில்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை அந்தச் 'சரி'யை அவன் விதவிதமாகச் சொல்லிப் பார்த்தான்; எப்படிச் சொன்னாலும் அது சரியில்லை.

நாலு நாள் கழித்து, ராஜபாளையத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்த அழகுராஜாவுக்கு அவன் அம்மா வெள்ளத்தாய் ஊரிலிருந்து போன் செய்தார். "அவியளுக்குச் சம்மதம் மாதிரிதான் தெரியுது. ஊருக்குள்ள வந்து ஒரு வார்த்தை விசாரிச்சுட்டுச் சொல்லுதோம்னாக. மாமன்காரரே வாராகளாம். எப்பன்னு சொல்லல."

எப்போது என்று சொல்லமாட்டார்கள். சொன்னால் அது விசாரிப்பு இல்லை, விருந்து. பெண் வீட்டுக்காரர் ஒருவர் சம்பந்தமில்லாத ஆள் மாதிரி பஸ்ஸை விட்டு இறங்குவார். டீக்கடையில் ஒரு டீ, சலூனில் ஒரு சவரம், பக்கத்து வீட்டில் ஒரு செம்புத் தண்ணீர். அதற்குள் மூன்று விஷயம் தெரிந்துகொண்டு போய்விடுவார். பையனுக்கு என்ன வேலை, என்ன பழக்கம், எந்தப் பூர்வீகம். அந்த ஒரு மணி நேரத்தில் ஊர் வாயில் என்ன வருகிறதோ அதுதான் மாப்பிள்ளையின் தலையெழுத்து.

வேறு மாப்பிள்ளையாக இருந்தால் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுச் சும்மா இருந்திருப்பான். அழகுராஜா மார்க்கெட்டிங்காரன். ஊர் வாயை ஊரிடமே விட்டுவைக்க அவனுக்கு மனசு வருமா? அந்த ஞாயிற்றுக்கிழமையே பைக்கை எடுத்துக்கொண்டு மகாராஜபுரத்துக்கு வந்தான். முதலில் பஸ் நிறுத்தத்து டீக்கடை மாரிக்கனி. அடுத்து சலூன் கருத்தையா. ஒரே செய்தி, எல்லா வாயிலும் ஒரே மாதிரி வர வேண்டும். அதுதான் தொழில் தர்மம்.

"என்ன வேலைன்னு கேட்டா, பெரிய கம்பெனியில மேனேஜர். மார்க்கெட்டிங்ங்கிற வார்த்தை வரவே கூடாது."

"சரிப்பா" என்றார் மாரிக்கனி.

"பழக்கம்னு கேட்டா, டீயில சக்கரைகூட கம்மியாத்தான் போடச் சொல்லுவாரு. கபடி, மைக்கு, ஒண்ணும் கிடையாது."

"நீ அஞ்சு கரண்டி போடச் சொல்லுவியேப்பா."

"அண்ணே!"

"சரி சரி. கம்மி."

"பூர்வீகம்னு கேட்டா, நாலு தலைமுறையா இதே ஊரு. தங்கமான குடும்பம்."

மாரிக்கனி மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். கருத்தையா கத்தரியை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தார். வீட்டுக்கு வந்து அப்பாவிடமும் சொன்னான். மொக்கைச்சாமி ரேடியோவில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். "மார்க்கெட்டிங்னு சொல்லக் கூடாதா?" என்று கேட்டுவிட்டு, அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறுபடி செய்திக்குத் திரும்பிவிட்டார். தன் வேலையைச் சொல்ல அப்பாவுக்கு எப்போதுமே கூச்சம் என்று அழகுராஜாவுக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்தப் பார்வை அந்த நினைப்பை உறுதியாக்கியது.

ஒரே ஒருத்தனிடம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. வத்திராயிருப்பில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிற பொன்னுராஜ். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட்டாளி. உயிரைக் கொடுப்பான். ஆனால் ரகசியத்தை அவனிடம் கொடுக்க முடியாது.

தவசிமுத்துவும் தன் பங்குக்கு ரகசியம் காத்தார். வத்திராயிருப்பில் இருக்கும் பழைய சகா ஒருவருக்கு மட்டும் போன் செய்து, வியாழக்கிழமை மத்தியானம் மகாராஜபுரத்துக்கு எந்த பஸ் தோது என்று கேட்டார். கேட்டது அவ்வளவுதான். அந்தச் சகா போன் வந்த அன்று சாயங்காலமே ஒரு காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் கொடுக்கப் பொன்னுராஜ் கடைக்குப் போனார். பேச்சோடு பேச்சாக அந்த பஸ் விஷயமும் வந்தது; அழகுராஜா பெண் பார்த்த வீட்டு மாமன் பெயர் பொன்னுராஜுக்கு ஏற்கெனவே தெரியும்.

வியாழக்கிழமை அழகுராஜாவுக்குச் சிவகாசியில் கடைக்காரர்கள் கூட்டம். நடுவில் பொன்னுராஜிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு சேதி வந்தது. "ஏலே அழகு, கவலப்படாத. மாமாவை ஜமாய்ச்சிட்டோம்." அழகுராஜா கூட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு பைக்கில் பறந்தான்.

மகாராஜபுரம் பஸ் நிறுத்தத்தில் மாரிக்கனி கடைக்குப் பக்கத்தில் அது நின்றது. ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு. ஒரு பக்கம் மைக்கைப் பிடித்தபடி அழகுராஜா. இன்னொரு பக்கம், சீருடையில், மீசையோடு, தவசிமுத்து. வாட்ஸப் முகப்புப் படத்தை எடுத்துப் பெரிதாக்கியிருக்கிறான் படுபாவி. நடுவில் சிவப்பு எழுத்தில்:

"எங்கள் ஊரின் கபடிக் குரல், மார்க்கெட்டிங் மன்னன், அண்ணன் அழகுராஜா அவர்களைப் பற்றி விசாரிக்க வருகை தரும் ஸ்ரீவில்லிபுத்தூர் மாமா தவசிமுத்து அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்!"

அந்த ஊரில் காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் உண்டு, சடங்குக்கு உண்டு, சாவுக்கு உண்டு, பட்டாளத்திலிருந்து லீவில் வருகிறவனுக்கும் உண்டு. ஒருத்தர் ஊருக்கு வருகிறார் என்றால், அதுவும் பெண் கொடுக்க வருகிறார் என்றால், ஃப்ளெக்ஸ் வைக்காமல் விட்டால் அவமரியாதை இல்லையா? பொன்னுராஜ் அப்படித்தான் நினைத்தான். அன்பில் குறை சொல்ல ஒன்றுமே கிடையாது.

அழகுராஜா பைக்கைப் போட்டுவிட்டு ஃப்ளெக்ஸின் பின்னால் ஓடினான். சவுக்குக் கட்டையில் கட்டிய கம்பியை அவிழ்க்கப் பார்த்தான். ஒரு கம்பி அவிழ்வதற்குள் பஸ் வந்து நின்றுவிட்டது. ஒரே ஒருவர் இறங்கினார். வேட்டி, துண்டு, கக்கத்தில் மஞ்சள் பை. தென்னங்கன்று வாங்க வந்தவர் வேஷம். முகத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி வேறு.

பஸ் புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. புழுதி அடங்கியதும் தவசிமுத்து தன்னையே பார்த்தார்.

வெகுநேரம் பார்த்தார். ஃப்ளெக்ஸின் பின்னால் குந்தியிருந்த அழகுராஜாவுக்கு, துணிக்கும் கட்டைக்கும் இடையில் இருந்த சந்தில் அவருடைய வேட்டிக் கரை மட்டும் தெரிந்தது. அவர் ஒவ்வொரு வார்த்தையாக வாய்விட்டுப் படிப்பது கேட்டது. "மார்க்கெட்டிங் மன்னன்" என்ற இடத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு, போலீஸ் அல்லவா, எதுவும் நடக்காதது மாதிரி டீக்கடைக்குள் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஒரு டீ போடுங்க. இந்தப் பக்கம் நல்ல தென்னங்கன்று எங்க கிடைக்கும்?"

மாரிக்கனிக்குத் தென்னங்கன்று காதில் விழவில்லை. பாடம் மறந்துவிடுமோ என்ற பதற்றம் அவருக்கு.

"பெரிய கம்பெனியில மேனேஜர்ங்க. டீயில சக்கரைகூட கம்மியாத்தான் போடச் சொல்லுவாரு. கபடி, மைக்கு, ஒண்ணும் கிடையாது. நாலு தலைமுறையா இதே ஊரு. தங்கமான குடும்பம்."

"நான் இன்னும் கேக்கவே இல்லையே" என்றார் தவசிமுத்து.

சலூனிலிருந்து கருத்தையா ஓடிவந்தார். தன் முறை போய்விடக் கூடாதே! "பெரிய கம்பெனியில மேனேஜர்ங்க. டீயில சக்கரைகூட..."

"போதும்." தவசிமுத்து கையைக் காட்டினார். "ரெண்டு சாட்சி ஒரே வார்த்தையில சொன்னா அது சாட்சி இல்ல, சொல்லிக்குடுத்தது. முப்பது வருசம் பாத்துட்டேன்."

அந்த நேரம் பார்த்து மொக்கைச்சாமி மத்தியான டீக்கு வந்துசேர்ந்தார். வந்தவரைப் பார்த்ததும் வணக்கம் சொல்லி, எதிர் பெஞ்சில் உட்கார்ந்தார். ஃப்ளெக்ஸின் பின்னால் அழகுராஜா எல்லாச் சாமியையும் கூப்பிட்டான்.

"மச்சான், நீங்க பட்டாளத்துக்காரரு. பொய் சொல்ல மாட்டீக" என்றார் தவசிமுத்து. "எம் மருமவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டு விட்டுச்சு. ஓவரால்னா என்ன? உங்க மவன் என்ன வேலைதான் பாக்காரு?"

மொக்கைச்சாமி யோசித்தார்.

"ஒரு வார்த்தையச் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்கான். அதுக்குப் பதிலா என்னத்தச் சொல்லணும்னு சொன்னான்னுதான் மறந்துபோச்சு."

தவசிமுத்து டீயைக் குடித்து முடித்தார். எழுந்தார். "பிள்ளை என்ன வேலை பாக்கான்னு பெத்தவரே சொல்ல முடியல. தப்பா நினைச்சுக்காதீக மச்சான். இது சரிப்பட்டு வராது." திரும்பி வந்த அதே பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். போகும்போது ஜன்னல் வழியாகத் தன் படத்தை இன்னொரு தடவை பார்த்துக்கொண்டார்.

அழகுராஜா சட்டையெல்லாம் தூசியாக வெளியே வந்தான். முகத்தைப் பார்த்தால் மாரிக்கனிக்கே பாவமாக இருந்தது. அஞ்சு கரண்டிச் சர்க்கரை போட்டு ஒரு டீயை நீட்டினார். அழகுராஜா அதை வாங்கவில்லை.

"ஏம்ப்பா, இத்தனை வருசமா வெளியில சொல்லக் கூச்சப்பட்டீக. சரி. இன்னைக்கு ஒருநாள், மேனேஜர்னு ஒரு வார்த்தை வாயில வரலையா?"

மொக்கைச்சாமி அவனை நிமிர்ந்து பார்த்தார். "யாருக்குடா கூச்சம்? ஒரு தடவை காயம்பட்டவனுக்குக் கட்டத் துணி இல்லாம என் பனியனைக் கிழிச்சுக் கட்டியிருக்கேன். அந்தத் துணியத்தான நீ ஊர் ஊராத் தொங்க விட்டிருக்க? எனக்கு என்ன கூச்சம்? நான் சொல்லலாம்னுதான் இருந்தேன். நீதான் சொல்லாதன்ன."

அவர் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் குத்தியது. சித்தப்பாக்கள், தரகர்கள், ஊர்க்காரர்கள் எல்லார் தலையிலும் இத்தனை நாளாய்ப் பழியைப் போட்டிருந்தான். கடைசியில் கூச்சப்பட்டவன் அவன் ஒருத்தன்தான். அழகுராஜா ஆறிப்போன அந்த டீயை வாங்கிக் குடித்தான்.

மறுவாரம் ஆடிப்பூரம். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேர். ஜில்லாவுக்கே விடுமுறை. இனிமேல் பெண் கிடைப்பாள் என்ற நம்பிக்கை அவனிடம் பெரிதாக இல்லை. ஆனால் அவள் ஒரு கேள்வி கேட்டாள், அதற்குப் பதில் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டு வந்துவிட வேண்டும். காலையிலேயே பைக்கைத் தூரத்தில் நிறுத்திவிட்டு ரத வீதிக்குள் நுழைந்தான்.

அங்கே ஒரு ஆளைத் தேடுவது லேசான காரியமா? வீதி கொள்ளாத ஜனம். மேளம், வேட்டு, "கோவிந்தா! கோபாலா!" என்று மேலே மேலே எழும்பும் கோஷம். வடத்தின் இரண்டு பக்கமும் போலீஸ்காரர்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டே போனார்கள். பெண் போலீசும் நிறையப் பேர் நின்றார்கள். எல்லாரும் ஒரே காக்கி, ஒரே தொப்பி. அரை மணி நேரம் அலைந்தும் அவளைக் காணவில்லை. திரும்பிவிடலாமா என்று நினைத்தபோது அந்தக் குரல் கேட்டது.

"ஏய், மஞ்சச் சட்டை! பிள்ளையத் தோள்ல வச்சுக்கிட்டு வடத்துக்குள்ள எங்க போறீக? வெளிய வாங்க! வாங்கங்கேன்!"

மேளத்தைத் தாண்டி, வேட்டைத் தாண்டி, அத்தனை கோஷத்தையும் பிளந்துகொண்டு வந்தது அது. மஞ்சள் சட்டை மட்டுமில்லை, மஞ்சளை ஒட்டிய நிறத்தில் சட்டை போட்டிருந்த எல்லாருமே வெளியே வந்துவிட்டார்கள். அழகுராஜா அப்படியே நின்றுவிட்டான். இத்தனை வருடம் மைக் பிடித்தவன். இப்படி ஒரு தொண்டையை அவன் கேட்டதே இல்லை. குரல் வந்த திசையில் முண்டியடித்துப் போனான். முனீஸ்வரி.

அவள் அவனைப் பார்த்துவிட்டாள். "நீங்களா? இங்க நிக்கக் கூடாது. பின்னால போங்க."

"ஒரே ஒரு நிமிசம். நீங்க கேட்டதுக்குப் பதில் சொல்லணும்."

"என்னது? கேக்கல!"

"என் வேலை! அன்னைக்குக் கேட்டீகல்ல!"

அவள் காதுக்குப் பின்னால் கையை வைத்துத் தலையை ஆட்டினாள். கேட்கவில்லை. அழகுராஜா சுற்றிலும் பார்த்தான். ஸ்ரீவில்லிபுத்தூரே சுற்றி நின்றது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, ரைடர் எல்லைக் கோட்டைத் தொடும்போது எடுக்கிற அந்தத் தொண்டையை எடுத்தான்.

"மார்க்கெட்டிங்! நான் மார்க்கெட்டிங்ல இருக்கேன்! ராஜபாளையத்துல பேண்டேஜ் துணி விக்கேன்!"

பத்திருபது தலைகள் திரும்பின. பக்கத்தில் நின்ற ஒரு ஆச்சி, "எம்புட்டுப்பா?" என்று விலை கேட்டார்.

முனீஸ்வரி அவன் பக்கம் நாலு எட்டு வந்தாள். "அதான் மாமா ஃப்ளெக்ஸ்ல படிச்சுட்டு வந்து சொன்னாகளே."

"அது பொன்னுராஜ் சொன்னது. இது நான் சொல்றது. முதல்ல பையைத் தூக்கிக்கிட்டு வீடு வீடாப் போயித்தான் வித்தேன். கபடிக்கு மைக்கும் பிடிப்பேன். ராத்திரி வர நேரமாகும். உங்களுக்குப் பிடிக்காமப் போயிருமோன்னு பயத்துல மறைச்சிட்டேன். தப்புதான். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அன்றைக்கு நிலைப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்ட மாதிரியே இப்போதும் திருப்பினாள். இந்தத் தடவை அடக்க முடியவில்லை. சிரித்துவிட்டாள். ஆச்சி திடுக்கிட்டுப் பின்னால் நகர்கிற அளவுக்குச் சத்தமான சிரிப்பு.

"ஓவரால்னு நீங்க சொன்னப்பவே வந்த சிரிப்பு இது. நான் சிரிச்சா கடைசி வீடு வரைக்கும் கேக்கும். அதான் அம்மா கையைக் கிள்ளிக்கிட்டே நின்னுச்சு. என் பொண்ணு அதிர்ந்து பேச மாட்டான்னு உங்கம்மாகிட்ட சொல்லியிருக்கு. நீங்க விசாரிக்க வந்தாலும் அப்படியே சொல்லணும்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிருக்கு."

"இந்தக் குரலையா?" என்றான் அழகுராஜா. அவனுக்கு நிஜமாகவே மனசு பதறியது. "இந்தக் குரலையா மறைச்சாக? நான் மைக்கும் ரெண்டு ஸ்பீக்கர் பாக்ஸும் வச்சுக்கிட்டு இதுல பாதிகூட எட்டல. இதப் போயி யாராச்சும் மறைப்பாகளா?"

முனீஸ்வரிக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பள்ளிக்கூடத்தில், வீட்டில், வரன் பார்க்க வருகிறவர்கள் முன்னால், மெதுவாகப் பேசு, மெதுவாகப் பேசு என்றுதான் அவளிடம் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லாத முதல் ஆள் இவன்தான். அவள் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, தேர் திரும்புகிற முனையைப் பார்த்தாள். அங்கே வடத்தைப் பிடித்துக்கொண்டு, வியர்த்து வழிய, தவசிமுத்து நின்றார்.

நடந்து போய்ச் சொல்லியிருக்கலாம். போனில் சொல்லியிருக்கலாம். அவள் இரண்டு கையையும் வாய்க்குப் பக்கத்தில் குவித்தாள்.

"மாமா! அந்த மகாராஜபுரத்து இடத்தைப் பேசி முடிச்சிருங்க!"

மேளக்காரர் ஒருவர் அடிப்பதை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். வடம் பிடித்த வரிசை முழுக்கத் தவசிமுத்துவைப் பார்த்தது. அவர் முதலில் மருமகளைப் பார்த்தார். பக்கத்தில், காதுவரை சிவந்துபோய், கை காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றவனைப் பார்த்தார். மீசை ஒரு பக்கமாக மெல்ல மேலே ஏறியது. ஒரு கையை வடத்திலிருந்து எடுத்து, தனக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் ஒதுக்கினார்.

"மாப்பிள்ள! பொம்பளப் பிள்ள டூட்டி பாக்குற இடத்துல என்ன வேடிக்கை? வந்து வடத்தைப் பிடிங்க!"

அழகுராஜா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடினான்.